மீன்சந்தைப் பெரியவர் விருந்துக்கு வந்த நாள்

கோவில்பட்டியில் செண்பகத்தின் வீட்டார் அந்த நகரத்தை ‘ரங்கன் ஊர்’ என்றே சொல்வார்கள். ஜெர்மன்காரர்கள் அதற்கு வேறொரு பெயர் வைத்திருந்தார்கள். நாக்கைச் சுருட்டித் தொண்டையில் இடித்து அதை வெளியே எடுப்பதற்குள் பேச வந்த விஷயம் மறந்துவிடும் என்பதால் யாரும் அதைத் தொடவில்லை. செண்பகத்தின் கொழுந்தன் ரங்கன் அங்கே ஒன்பது வருஷமாகக் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடியோவில் வருவான். வந்து, அண்ணன் திருமலையிடம் மழை உண்டா என்று கேட்டு, அண்ணனின் தீப்பெட்டி லேபிள் அச்சகம் எப்படி ஓடுகிறது என்று கேட்டு, கடைசியில் செண்பகத்தின் பக்கம் திரும்பி, “மதினி, பிள்ளைகளைக் கூட்டிட்டு ஒரு தடவை வாங்களேன், நம்ம வீடு இருக்குல்ல,” என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பான். அது போனை வைப்பதற்கான வாக்கியம் என்று ரங்கனுக்குத் தெரியும். அவன் மனைவி அனுராதாவுக்கும் தெரியும். திருமலைக்குத் தெரியவில்லை. அவன் பாஸ்போர்ட் எடுத்தான்.

அப்படியாக ஒரு மே மாதத்தில் திருமலையும், செண்பகமும், ஐந்து வயது மிருதுளாவும், இன்னும் பால் புட்டியை விடாத ருத்விக்கும், கடலைமிட்டாயும் சேவும் அடைத்த பெட்டிகளோடு ரங்கனின் நான்காவது மாடி வீட்டில் போய் இறங்கினார்கள். அந்த வீட்டில் பிள்ளைகள் கிடையாது. வெள்ளை சோபா ஒன்று இருந்தது. பால்போல் வெள்ளை, கண் கூசுகிற வெள்ளை. முதல் நாளே அனுராதா அதன் மேல் ஒரு போர்வையைப் போட்டாள். இரண்டாம் நாள் போர்வையின் மேல் இன்னொரு போர்வையைப் போட்டாள். அன்று மாலை செண்பகம் சமையலறையில் பால் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் அனுராதா சென்னையில் இருக்கும் தன் அம்மாவிடம் போனில் பேசுவது கேட்டது.

“சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றதுதாம்மா. ஊரே சொல்றதுதானே. டிக்கெட் போட்டு வந்து நிப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?”

செண்பகம் கழுவிய புட்டியை மறுபடியும் கழுவினாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. தெரு முழுக்க, அச்சக வேலையாட்கள் முழுக்க, விமானத்தில் பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத மனிதர் வரைக்கும், “தம்பி கூப்பிட்டுக்கிட்டே இருந்தான், போகலைன்னா வருத்தப்படுவான்,” என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிற தன் புருஷன் காதில் இது விழாமல் ஊர் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். தளும்பத் தளும்ப நிரப்பிய குடத்தைச் சுமந்து நடப்பவளைப் போல அன்றிலிருந்து அவள் அந்த வீட்டுக்குள் நடமாடினாள்.

ஊர் சுற்றிக் காட்டுவது என்பது, விருந்தாளிகளை வீட்டுக்கு வெளியே வைத்திருப்பதற்காகப் படித்தவர்கள் கண்டுபிடித்த மரியாதையான வழி. நாலாம் நாள் காலையில் ரங்கன் லீவு போட்டுவிட்டு அதைச் செய்யக் கிளம்பினான். பெரிய தேவாலயம், பழைய பாலம், ஆற்றில் படகு, கடிகாரக் கோபுரம், அருங்காட்சியகம், வீடு திரும்ப இருட்டிவிடும். போகும் முன் அனுராதா வாசலில் நின்று, “நிதானமா பாத்துட்டு வாங்கக்கா, ஒண்ணும் அவசரமில்ல,” என்று சொன்னது மனதாரச் சொன்னதுதான்.

பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஊர் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஊர் ஒரு பக்கம் நிற்கும், பிள்ளைகள் வேறு பக்கம் பார்க்கும். எழுநூறு வருஷத்துத் தேவாலயத்தின் முன் ருத்விக் தன் இடது காலணியைக் கழற்றி எறிந்தான். அதை மாட்டிவிட்டதும் வலது காலணியைக் கழற்றி எறிந்தான். மிருதுளா தேவாலயத்துக்குள் இருந்த வண்ணக் கண்ணாடிகளை விட்டுவிட்டு, வாசல்படி இடுக்கில் ஊர்ந்த எறும்பு வரிசையைக் குத்தவைத்துப் பார்த்தாள், “அம்மா, இங்கயும் எறும்பு இருக்கு,” என்று அறிவித்தாள். பாலத்தின் நடுவில் ஒன்றுக்கு வருகிறது என்றாள். பாலத்தைத் தாண்டிக் கழிப்பறையைக் கண்டுபிடித்ததும் வரவில்லை என்றாள். திருமலை ஒவ்வொரு இடத்திலும் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்து, எடுத்த கையோடு கோவில்பட்டிக் குடும்ப குரூப்பில் போட்டு, யார் யார் பார்த்துவிட்டார்கள் என்று பார்ப்பதற்குள் அடுத்த இடம் வந்துவிட்டது. செண்பகம் தள்ளுவண்டியையும், தண்ணீர்ப் பையையும், எலுமிச்சைச் சாதம் இருந்த தூக்கையும், காதில் விழுந்துவிட்ட அந்தப் பேச்சையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

மீன்சந்தைச் சதுக்கத்தில் சற்று உட்கார்ந்தார்கள். அங்கே மீனும் இல்லை, சந்தையும் இல்லை; பெயர் மட்டும் மிச்சம். நடுவில் உயரமான பீடத்தில் வெண்கலப் பெரியவர் ஒருவர் நின்றார். நீண்ட கோட்டு, கோட்டை முட்டிய தொந்தி, அடர்ந்த மீசை, ஒரு கையில் கழற்றிய தொப்பி, மறு கை போகிற பஸ்ஸை நிறுத்துவதுபோல முன்னால் நீண்டிருந்தது. தலையில் இரண்டு புறாக்கள் இருந்தன.

“சித்தப்பா, இந்தத் தாத்தா யாரு?” என்றாள் மிருதுளா.

ஒன்பது வருஷமாகத் தினமும் அந்தச் சதுக்கத்தைத் தாண்டி வேலைக்குப் போகிற ரங்கன் அன்றைக்குத்தான் அவரை அண்ணாந்து பார்த்தான். “யாரோ பெரிய மனுஷன்மா.”

“யாரோன்னா?”

“செத்துப்போனவரு.”

“செத்துப்போனா பேரும் போயிருமா?”

“கிளம்புவோம் மதினி, படகுக்கு நேரமாச்சு,” என்றான் ரங்கன்.

இங்கேதான் செண்பகத்தின் வளர்ப்பு குறுக்கே வந்தது. எந்த இடத்தை விட்டுக் கிளம்பினாலும், அங்கே இருக்கிற பெரியவர்களிடம் கைகூப்பி, போயிட்டு வாரோம், எங்க வீட்டுக்கு வாங்க என்று சொல்லாமல் கிளம்பக் கூடாது என்று அவள் மகளுக்குப் பழக்கியிருந்தாள். கோவில்பட்டிக் கல்யாண மண்டபங்களில் பந்தி முடிந்ததும் மிருதுளா வரிசையாகப் போய்ச் சொல்வாள். முன்பின் தெரியாத கிழவர்களிடம் சொல்வாள். சமையல்காரரிடம் சொல்வாள். நாதஸ்வரம் வாசிப்பவரிடம், அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே சொல்வாள். எல்லாரும் கன்னத்தைக் கிள்ளி, “அவசியம் வாரேன் தாயீ,” என்பார்கள். இதுவரை ஒருவரும் வந்ததில்லை. வருவதற்காக அதை யாரும் சொல்வதும் இல்லை.

மிருதுளா பீடத்தின் முன்னால் போய் நின்றாள். கைகூப்பினாள். “போயிட்டு வாரோம் தாத்தா. எங்க வீட்டுக்கு வாங்க.”

பெரியவர் முதலில் தொப்பியைத் தலையில் வைத்தார். புறாக்கள் தள்ளிப்போய் அமர்ந்தன. பிறகு நீட்டியிருந்த கையை மடக்கி, முழங்கையைத் தேய்த்து, நெடுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து கால் மரத்துப்போனவர்கள் எழுந்திருப்பதுபோல ஒரு காலை உதறி, மறு காலை உதறி, பீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். கற்கள் பதித்த தரை ஒரு தடவை முனகியது. கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, கூப்பிட்டவர்களுக்கு இரண்டு அடி பின்னால், மரியாதையான விருந்தாளி எங்கே நிற்பாரோ அங்கே வந்து நின்றார்.

செண்பகத்துக்குப் பயம் வரவில்லை. எலுமிச்சைச் சாதம் பத்துமா என்பதுதான் முதலில் தோன்றியது.

அந்த ஊரில் அடுத்தவரைக் கவனிப்பது அநாகரிகம். ஆகவே யாரும் கவனிக்கவில்லை. படகுத்துறைக்குப் போகிற டிராமின் ஓட்டுநர் பெரியவரின் எடையைக் கண்ணால் அளந்து, சக்கர நாற்காலிக்காரர்களுக்கான பலகையை இறக்கிவிட்டு, நடுவில் நிற்கும்படி கையைக் காட்டினார். உள்ளே இருந்த கிழவி ஒருத்தி, வாசலை மறைத்து நிற்கக் கூடாது என்று அவரைக் கடிந்துகொண்டாள். அவர் தொப்பியைத் தொட்டு மன்னிப்புக் கேட்டு நகர்ந்தார். மற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே இருந்தவர்கள் வேறெங்கோ பார்த்தார்கள்.

படகுத்துறையில் ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட இளம்பெண் ஒருத்தி சைக்கிளில் வந்து இறங்கினாள். நகரசபையிலிருந்து வருவதாகச் சொல்லி ரங்கனிடம் கொஞ்ச நேரம் பேசினாள். ரங்கன் காது சிவக்கக் கேட்டுவிட்டுத் திரும்பினான்.

“என்னவாம்டா?” என்றான் திருமலை.

“வேலை நேரத்துல இறங்கிட்டாராம். ஆனா அவரு வந்த நாள்லேர்ந்து லீவே எடுக்கலையாம், அதனால ஒரு நாள் போகலாம்னு சொல்றாங்க.”

“நியாயமான ஊருடா.”

“யாரு கூப்பிட்டது, எந்த வீட்டுக்குக் கூப்பிட்டதுன்னு மட்டும் கேக்கறாங்கண்ணே.”

“நான்தான் கூப்பிட்டேன்,” என்று மிருதுளா கையைத் தூக்கினாள். அந்தப் பெண் குனிந்து அவளிடம் கைகுலுக்கினாள். பிறகு நிமிர்ந்து, எந்த வீடு என்று ரங்கனைப் பார்த்தாள். ரங்கன், இவர்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள், சுற்றிப்பார்க்க வந்தவர்கள், கொஞ்ச நாளில் போய்விடுவார்கள் என்று என்னென்னவோ சொன்னான். அது சரி, இப்போது எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று அவள் மறுபடியும் கேட்டாள். ரங்கன் ஆற்றைப் பார்த்தான், படகைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான்.

“என் வீட்லதான்,” என்று தமிழில் சொல்லிவிட்டு, அப்புறம் அவள் மொழியில் சொன்னான்.

அதன் பிறகு நடந்ததை மறைக்காமல் சொல்வதென்றால், அந்த ஊரை அன்றைக்கு ஒழுங்காகப் பார்த்தவர் பெரியவர் ஒருவர்தான். சதுக்கத்தை விட்டு அவர் எங்கும் போனதில்லை. படகில் ஏறியதும் படகு ஒரு பக்கம் சாய, படகுக்காரர் மற்ற பயணிகளை எதிர்ப்பக்கம் உட்காரச் சொல்லிவிட்டு வழக்கம்போல ஓட்டினார். பெரியவர் இரண்டு கரைகளையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தார். தேவாலயம் தெரிந்ததும் தொப்பியைக் கழற்றினார். கடிகாரக் கோபுரத்துக்குப் படி ஏற வேண்டும் என்றதும் தள்ளுவண்டியை ஒரு கையில் தூக்கிக்கொண்டார், ருத்விக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டார். வந்த நாளிலிருந்து ராகம் போட்டு அழுதுகொண்டிருந்த ருத்விக் வெண்கலக் காதைப் பிடித்துக்கொண்டு வாயை மூடினான். இரண்டு காலணிகளும் காலிலேயே இருந்தன. செண்பகம் தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் சும்மா இருந்தன. அந்தக் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல், கோபுரத்தின் உச்சியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக ஊரைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் ஆற்றங்கரைப் புல்வெளியில் தூக்கைத் திறந்தபோது இரண்டு கார்கள் வந்து நின்றன. பெரியவரை நடுவில் நிற்கவைத்துத் திருமலை குடும்ப குரூப்பில் போட்ட படம் கோவில்பட்டிக்குப் போய், மதுரைக்குப் போய், சிங்கப்பூர் போய், அதே ஊரில் இரண்டு தெரு தள்ளி இருந்த தமிழ்ச் சங்கத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்த ஊரில் தமிழர்கள் கொஞ்சம் பேர், சங்கம் இரண்டு. ஒன்றாக இருந்த சங்கம், பொங்கல் விழாவில் குத்துவிளக்கின் முதல் திரியை யார் ஏற்றுவது என்பதில் உடைந்தது. முதல் காரிலிருந்து ஒரு சங்கத்தின் தலைவர் கலியமூர்த்தி சால்வையோடு இறங்கினார். இரண்டாவது காரிலிருந்து, ஒரு காலத்தில் அவருக்குச் செயலாளராக இருந்த மெய்யப்பன் இன்னும் கொஞ்சம் பெரிய சால்வையோடு இறங்கினார்.

கலியமூர்த்தி, வெண்கலப் பெரியவர் எலுமிச்சைச் சாதத்தைக் கையால் பிசைந்து உருட்டிச் சாப்பிடுவதை ஒரு நிமிஷம் பார்த்தார். பார்த்த உடனே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கையோடு கொண்டுவந்த மைக்கைத் தட்டி, புல்வெளியைப் பார்த்துப் பேசினார். இந்தப் பெருமகனார் தமிழகம் வந்து தமிழ் கற்றுத் தமிழராகவே வாழ்ந்து திரும்பியவர் என்பதற்கு இந்தக் கைவிரல்களே சான்று, ஏட்டுச் சான்று கிடைத்ததும் சங்கம் வெளியிடும் என்றார். மெய்யப்பன் மைக்கை வாங்கி, வாழ்ந்தவர் அல்ல, மிளகு வாங்க வந்தவர், அவருக்கு மிளகு விற்றது எங்கள் பக்கத்து ஆட்கள், மீசையைப் பார்த்தாலே தெரியும் என்றார்.

“என்ன பேரு ஐயா இவருக்கு?” என்று திருமலை பணிவாகக் கேட்டான்.

“அது ஆராய்ச்சியில இருக்கு,” என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில். பல வருஷத்துக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

சால்வைகள் போர்த்தப்பட்டன. கலியமூர்த்தி, “வர்ற பொங்கல் விழாவுக்கு ஐயா அவசியம் வந்து தலைமை தாங்கணும்,” என்றார். மெய்யப்பன், “எங்க விழாவுக்கும்தான், அவசியம் வரணும்,” என்றார். பெரியவர் இருவரையும் நிதானமாகப் பார்த்து இரண்டு தடவை தலையை அசைத்தார். அந்த அசைப்பைப் பார்த்தால் நிஜமாகவே வந்துவிடுவார் போலிருந்தது. இருவரும் சட்டென்று பேச்சை நிறுத்திக் காரில் ஏறினார்கள்.

பொழுது சாயச் சாய ரங்கனின் நடை மெதுவாகிக்கொண்டே வந்தது. மீன்சந்தைச் சதுக்கம் வந்ததும் நின்றான். காலிப் பீடத்தில் நகரசபை ஒரு சிறிய அட்டையைத் தொங்கவிட்டிருந்தது. வெளியே போயிருக்கிறார் என்று எழுதியிருந்ததாம். ரங்கன் பெரியவருக்குப் பீடத்தைக் காட்டினான், கையை விரித்து வழியும் விட்டான். பெரியவர் பீடத்தைப் பார்த்தார், மிருதுளாவைப் பார்த்தார். அவள் அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, “இது இல்ல தாத்தா, வீடு இன்னும் போகணும்,” என்று இழுத்தாள். அவர் நடந்தார்.

கீழ்வாசலில் அனுராதா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ரங்கன் வழியிலிருந்தே செய்தி அனுப்பியிருந்தான்.

“ரங்கா, தரை தாங்காது.”

“சொல்லிப் பாத்தேன் அனு.”

“சோபா இருக்கு. கீழ் வீட்டுக்காரங்க இருக்காங்க. அக்கா, நீங்களாவது சொல்லுங்க. குழந்தை சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுக்கு, இப்படி வந்து நின்னா என்ன பண்றது?”

செண்பகத்தின் காதில் அந்த வார்த்தைகள் இரண்டாம் தடவை விழுந்தன. அனுராதா கெட்டவள் இல்லை. களைத்திருந்தாள், நாலு நாளாக முன்னறையில் பால் புட்டிக்கும் சேவுத் தூளுக்கும் நடுவில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்த்தவள். அது செண்பகத்துக்குத் தெரியும்.

ரங்கன் மிருதுளாவின் முன் குனிந்தான். “கண்ணு, தாத்தாகிட்ட சும்மா சொன்னேன்னு சொல்லிரு. அவரு போயிருவாரு.”

“சும்மான்னா?”

“சும்மான்னா... ஒரு மரியாதைக்கு. எல்லாரும் சொல்றதுதானே. வாங்கன்னு சொல்லுவோம், யாரும் வரமாட்டாங்க.”

மிருதுளா அதைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். “அப்ப நீங்க எங்களை வாங்கன்னு சொன்னது?”

திருமலை சிரித்தான். அச்சகத்தில் மை புரண்ட கையோடு சிரிக்கிற அதே சிரிப்பு. “அடி, அது நிஜமாச் சொன்னது. சித்தப்பா ஒம்பது வருஷமாக் கூப்பிட்டாரு. இல்லடா ரங்கா?”

வாய் திறந்து ‘ஆமாண்ணே’ என்று சொன்னால் முடிந்தது. ரங்கன் வாயைத் திறந்தான். ஆனால் அண்ணனின் தோளுக்கு மேலே, இரண்டு சால்வை போர்த்திய வெண்கலப் பெரியவர், சொன்ன சொல்லை அப்படியே நம்பி எழுந்து வந்துவிட்ட அந்த மனிதர், அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். ரங்கனுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. திருமலையின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, எண்ணெய் தீர்ந்த பிறகும் திரி கொஞ்ச நேரம் எரியுமே, அப்படி.

செண்பகம் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு மூச்சு விட்டால் குடம் கவிழ்ந்துவிடும். அவள் தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்தினாள், முந்தானையைச் சரிசெய்தாள், அடுத்தவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அந்த வீட்டின் மூத்த மருமகளாகக் கைகூப்பினாள்.

“வாங்க. உள்ள வாங்க,” என்றாள் பெரியவரிடம்.

நாலு மாடியும் தாங்கியது. கீழ் வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்து, விருந்தாளி என்று தெரிந்ததும் மூடிக்கொண்டார். வாசலில் பெரியவர் காலைத் துடைத்தார். முன்னறைக்கு வந்ததும் வெள்ளை சோபாவைக் கண்டார். நின்றார். தோளிலிருந்து ஒரு சால்வையை எடுத்து விரித்தார், அதன் மேல் இன்னொன்றை எடுத்து விரித்தார், ஓரங்களை இழுத்துச் சரிசெய்தார், அதற்குப் பிறகு, ஒரு முட்டையின் மேல் உட்காருவதுபோல, மெதுவாக உட்கார்ந்தார். சோபா ஒரு சத்தம்கூடப் போடவில்லை. அனுராதா அந்தச் சால்வை ஓரங்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு யாரும் சொல்லாமல் உள்ளே போய் காபி போட்டு, அலமாரியில் சும்மா இருந்த வெள்ளி டம்ளரில் கொண்டுவந்தாள். பெரியவர் குடித்தார். காலித் தொட்டியில் தண்ணீர் இறங்குவதுபோல அது அவருக்குள்ளே இறங்கும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. டம்ளரை வைத்தார். எழுந்தார். வந்த காரியம் ஒரு காபி அளவுதான் என்று தெரிந்த விருந்தாளி அவர்.

வாசலில் அவர் மிருதுளாவின் உயரத்துக்குக் குனிந்து, அன்றைக்கு முதல் தடவையாகப் பேசினார். கரகரப்பான குரலில் ஒரே ஒரு வாக்கியம். எல்லாரும் ரங்கனைப் பார்த்தார்கள்.

“அவரு...” ரங்கன் அண்ணனின் பக்கம் திரும்பினான். “அவரு இடத்துக்கு நம்மளை வரச் சொல்றாரு.”

“நிஜமாவா, சும்மாவா?” என்றாள் மிருதுளா.

ரங்கன் கேட்டான். பெரியவர் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார்.

“நிஜமாத்தானாம்.”

மறுநாள் காலையில் ரங்கன் அருங்காட்சியகம் பற்றி ஏதோ ஆரம்பித்தான். திருமலை இரவெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்தவன். செண்பகத்துக்குத் தெரியும், அவளும் அப்படித்தான் படுத்திருந்தாள். “வேண்டாம்பா,” என்றான் திருமலை, குரலில் ஒரு வருத்தமும் காட்டாமல். “பெரியவரு கூப்பிட்டிருக்காரு. அங்க போயிட்டு வாரோம்.”

மீன்சந்தைச் சதுக்கத்தில் பெரியவர் பீடத்தின் மேல்தான் நின்றார். கையில் தொப்பி, தலையில் புறா. ஆனால் நடுவில் நிற்கவில்லை. பஸ்ஸில் இடம் விட்டு நகர்ந்து உட்காருவார்களே, அப்படி ஓரமாக ஒதுங்கியிருந்தார். மிச்ச இடம் சரியாக நாலு பேருக்கு இருந்தது. நகரசபை அங்கே ஒரு சிறிய ஏணியைச் சாத்திவைத்து, இந்த இடம் விருந்தாளிகளுக்கு என்று புது அட்டை எழுதியிருந்தது. விடுமுறையின் மிச்ச நாட்களை அவர்கள் அங்கேயே கழித்தார்கள். புளிசாதமும் தயிர்சாதமும் அங்கேயே சாப்பிட்டார்கள், ருத்விக் அவர் காலடியில் தூங்கினான், மிருதுளா இன்னொரு எறும்பு வரிசையைக் கண்டுபிடித்தாள். கடைசி நாள் மத்தியானம் ரங்கன் ஆபீஸிலிருந்து டிபன் டப்பாவோடு வந்து கீழே நின்றான். மேலே வா என்று திருமலை சொல்லவில்லை. சொல்லாமலே கொஞ்சம் நகர்ந்துகொண்டான்.

“அண்ணே,” என்றான் ரங்கன், ஏறி உட்கார்ந்த பிறகு.

“சாப்பிடு. ஆறிரும்,” என்றான் திருமலை.

அந்த ஊர்த் தமிழர்கள் இதை அவர்கள் வழியில் ஏற்றுக்கொண்டார்கள். பொங்கலன்று பெரியவர் ஒப்புக்கொண்டபடி வந்தார். இரண்டு சங்க விழாவுக்கும் வந்தார். இரண்டிலும் முதல் வரிசையில் உட்கார்ந்து, வரவேற்புரையிலிருந்து நன்றியுரை வரை ஒரு சொல் விடாமல் கேட்டார். அப்படிக் கேட்ட ஒருவரைச் சங்கத்தின் சரித்திரத்தில் யாரும் கண்டதில்லை. அதிலிருந்து கலியமூர்த்தி பேச்சைச் சுருக்கிக்கொண்டார். மெய்யப்பன் அழைப்பிதழ் அடிப்பதையே நிறுத்திக்கொண்டார். அங்கே இப்போது யாரும் யாரையும் எளிதில் வீட்டுக்கு வாங்க என்று சொல்வதில்லை. சொல்ல நேர்ந்தால் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சிலை எதுவும் இல்லாத இடமாகப் பார்த்துச் சொல்கிறார்கள்.

ரங்கன் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருகிறான். மழை உண்டா என்கிறான், அச்சகம் எப்படி என்கிறான். முன்பு அந்த வாக்கியம் இருந்த இடத்தில் இப்போது கொஞ்சம் மௌனம் இருக்கிறது. இரண்டு பக்கமும் அதைத் தாண்டிப் போகத் தெரியாமல் நிற்பார்கள். போன வாரம் அப்படி நின்றபோது மிருதுளா போனைப் பிடுங்கி முகத்தருகே வைத்துக்கொண்டாள்.

“சித்தப்பா, எங்க வீட்டுக்கு வாங்க. சித்தியையும் கூட்டிட்டு வாங்க.”

திரையில் ரங்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவனுக்குப் பின்னால், வெள்ளை சோபாவில் இருந்த அனுராதா மெல்ல எழுந்து நிற்பது தெரிந்தது.

செண்பகம் அதற்கு மேல் பார்க்கவில்லை. தன் பிள்ளை கூப்பிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மாடி அறையில் சுருட்டிவைத்திருந்த மெத்தையை இழுத்துக்கொண்டு போய் வெயிலில் போட்டாள்.